விடும்போதுதான் குதிரை படிக்கிறது

உங்கள் கால்சட்டையில் நாய் முடி ஒட்டியிருக்கிறது, ஐயா. வலது முழங்காலுக்குக் கீழே. வெள்ளை முடி, நுனி சுருண்டது. தப்பாக நினைக்காதீர்கள், கண் தானாக அங்கே போய்விடுகிறது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். அந்த நாயை நீங்கள் கம்பிச் சீப்பால் சீவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை நிறுத்திவிடுங்கள். மேல்முடிதான் வரும், அடிமுடி அப்படியே சிக்குப் பிடித்து நிற்கும். ரப்பர் பல் வைத்த கையுறை என்று ஒன்று இருக்கிறது. என் கடையில் இரண்டாவது தட்டில், பறவைத் தீனிக்குப் பக்கத்தில் இருக்கும். கடையைப் பூட்டிச் சீல் வைத்திருப்பது நீங்கள்தானே, எடுத்துக்கொள்வதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது.

நேற்று நீங்கள் கேட்டது ஊன்றுகோலைப் பற்றி. பின்னறையில், மடக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி மர ஊன்றுகோல் எதற்காக என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு எதையும் குதிரைக்குப் பழக்குகிற மாதிரிதான் சொல்ல வரும். முதல் அடி, அப்புறம் இரண்டாம் அடி. நடுவில் தாண்டினால் குதிரையும் மிரளும், ஆளும் மிரளுவார்.

அவள் முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கையில் ஒரு காகிதம். காகிதத்தில் பட்டியல். ஸ்வெட்டர் முழுக்கக் காய்ந்த புல். கதவில் நான் கட்டியிருக்கும் குதிரைமணி அடித்ததும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வந்தவர்கள் பெரும்பாலும் அந்த மணியைப் பார்க்கவே மாட்டார்கள்.

"அக்கா, குதிரைக்குத் தலைக்கயிறு இருக்கா?"

"இருக்கு. என்ன அளவு?"

"அளவெல்லாம் தெரியாது. ஊரெல்லாம் கேட்டுட்டேன். ஒருத்தர் நாய்க்கடைக்கு அனுப்பறார், ஒருத்தர் கயித்துக்கடைக்கு அனுப்பறார். தபால்ல ஒண்ணு வரவழைச்சேன். அது அவர் மூக்கோட நின்னுடுச்சு, மேல ஏறவே இல்ல."

"குதிரைய வாங்கிட்டுத்தான் தலைக்கயிறு தேடறீங்களா?"

"ஆமாக்கா. முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸ். ஊசி, பஞ்சு, மருந்து, எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வச்சு எடுத்து வச்சே காலம் போயிடுச்சு. ரிட்டயர் ஆனதும் ஒண்ணே ஒண்ணையாவது யோசிக்காம செய்யணும்னு தோணுச்சு. செஞ்சுட்டேன்."

குதிரைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"பழைய ஆள் வச்ச பேர் என் வாயில நுழையல. நான் மாப்பிள்ளைன்னு கூப்பிடறேன். கேட்டதெல்லாம் நான் குடுக்கணும், நடந்துக்கறது மட்டும் அவர் இஷ்டம்."

"அப்ப மாமியார் நீங்கதான்."

"எனக்குக் கல்யாணமே ஆகலக்கா. நேரா மாமியார் ஆயிட்டேன்."

நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் என் தொண்டை எவ்வளவு காய்ந்திருந்தது என்று தெரிந்தது. ஐயா, நீங்கள் நாளெல்லாம் ஆட்களைக் கேள்வி கேட்கிறவர். இது உங்களுக்குப் புரியுமோ என்னவோ. சாயங்காலம் கடையைப் பூட்டும்போதுதான் சில நாள் நினைவு வரும், இன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை என்று. வருகிறவர்கள் பையைக் காட்டுவார்கள், நான் எடுத்துக் கொடுப்பேன், போய்விடுவார்கள். என் மகன் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிடுவான். "சாப்பிட்டியாம்மா? உடம்பு நல்லாயிருக்கா? சரி, வச்சிடறேன்." மூன்றுக்கும் சேர்த்து நான் ஒரே ஒரு "ம்" சொன்னால் போதும்.

அன்றைக்கு அவளுக்குத் தலைக்கயிறு எடுத்துக் கொடுத்தேன். குளம்பு சுரண்டும் கொக்கி, உடம்பு தேய்க்கிற ரப்பர் தேய்ப்பான், உப்புக்கட்டி. பிறகு அவள் பையை மாட்டிக்கொண்டே, "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இன்னொரு கடை இருக்குன்னு யாரோ சொன்னாங்களே, தீனி அங்க கிடைக்குமா?" என்றாள்.

"அது மூடி ஒரு வருஷமாச்சு" என்றேன்.

அது மூடவில்லை. என்னுடையதைவிடப் பெரிய கடை. ஆனால் வியாபாரத்துக்காகச் சொன்னதாக எழுதாதீர்கள். என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போனதில் என் ஒரு வயிற்றுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. அவள் வேறு எங்கும் போகவேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதை உங்களிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாளும் வந்தாள். குதிரை லாயத்து வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது என்றாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, மேலே சேணத்துக்கு அடியில் விரிக்கிற கம்பளத்தை மடித்துப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள். அந்த முக்காலி அதன் பிறகு அங்கேயே இருந்தது. நீங்கள் எடுத்த புகைப்படத்தில்கூட இருக்கிறது, பார்த்தேன்.

அன்று நான் அவளுக்குச் சொன்னது எல்லாம் சரியான பாடம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இடது தோள்பக்கமாகப் போ, பேசிக்கொண்டே போ, பின்பக்கம் சத்தம் இல்லாமல் போகாதே. காதைப் பார்: காது முன்னால் இருந்தால் கவனிக்கிறது, பின்னால் படிந்தால் கோபம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். நல்லபடியாக ஒன்று செய்தவுடன் பாடத்தை முடி. இவ்வளவையும்விட முக்கியமான ஒன்று, என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னது: குதிரை படிப்பது நீ இழுக்கும்போது அல்ல, விடும்போது.

அவளுக்கு அது உடனே புரியவில்லை. ஒரு வார் எடுத்து அவள் கையில் ஒரு முனையைக் கொடுத்து மறுமுனையை நான் பிடித்து இழுத்தேன்.

"இப்ப நான் இழுக்கறேன். என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியல. எரிச்சலா இருக்கு."

"ஏதாவது பண்ணு."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். நான் அந்தக் கணமே வாரைத் தளர்த்தினேன்.

"இப்ப தெரியுதா?"

"ஓ. நான் முன்னாடி வரணும்."

"அவ்வளவுதான். நீ எந்தக் கணம் விடறியோ, அந்தக் கணம் குதிரை என்ன செஞ்சுதோ, அதுதான் சரின்னு அதுக்குப் பதியும். நல்லது செய்யும்போது விட்டா நல்லதப் படிக்கும். கெட்டது செய்யும்போது விட்டா..."

"கெட்டதப் படிக்கும்."

"ஒரே நாள்ல படிக்கும்."

அதைத் தன் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டு இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலில் தொங்கவிடும் அட்டை மாதிரிதான் அவள் குதிரைக்கும் எழுதினாள். காலை ஏழு பத்து: தீனி முழுவதும் எடுத்துக்கொண்டது. சாணம் இயல்பு. மனநிலை நன்று. நான் கேலி செய்தேன். "மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் பாத்தியா, சிஸ்டர்?" என்று. எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டேன். "பாத்தேங்கா. எங்க வச்சுப் பாத்தேன்னு கேக்காதீங்க" என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்கு அதை நினைத்து நினைத்துச் சிரிப்பு.

இரண்டு மாதம் தினமும் வந்தாள். பதினோரு மணிப் பேருந்தில் வந்து ஒரு மணிப் பேருந்தில் போவாள். நான் காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன புடவை என்று யோசிக்க ஆரம்பித்தேன். அறுபத்தெட்டு வயதில் எனக்கே வேடிக்கையாக இருந்தது.

தவறு எங்கே நடந்தது என்றால், நான் நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். குதிரை திருந்திவிட்டது. லாயத்து வாசலைத் தாண்டியது, ஓடைப் பாலத்தைத் தாண்டியது, லாரி போனாலும் நின்று பார்த்தது. அவள் வருகை வாரத்துக்கு இரண்டாகி, ஒன்றாகி, பிறகு தீனி தீரும்போது மட்டும் என்று ஆகிவிட்டது. வந்தாலும் உட்காரமாட்டாள். "எல்லாம் நல்லாயிருக்குங்கா, ஒரு குறையும் இல்ல" என்று நின்றபடியே சொல்வாள். ஒரு தடவை பத்தொன்பது நாள் வரவில்லை. முக்காலிமேல் தூசி படிந்திருந்தது. நான் துடைத்தேன்.

இருபதாம் நாள் வந்தாள். தீனிப்பை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பி, "அக்கா, சொல்ல மறந்துட்டேன். முந்தாநாள் ஏதோ சத்தத்துக்கு முன்னங்கால லேசாத் தூக்கிடுச்சு. ஒரு சாண்தான். அப்படி ஆனா என்ன பண்ணணும்?" என்றாள்.

அதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். குழந்தைக்குப் பல் துலக்கச் சொல்லிக் கொடுப்பது போல சுலபமான பதில். முன்னால் சாய், லகானைத் தளர்த்து, உடனே காலால் தட்டி முன்னே நடக்க வை. இறங்காதே, கொஞ்சாதே. நடக்கிற குதிரையால் முன்னங்காலைத் தூக்கி எழும்பமுடியாது. எழும்பியதற்கு அதற்கு எந்த லாபமும் இருக்கக்கூடாது. நான்கு நாளில் மறந்துவிடும்.

நான் தவிட்டு வாளியை ஓரத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

"உட்காரு, சொல்றேன்" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள்.

"பாவம், அது பயந்திருக்கு. பயப்படறத அடக்கக்கூடாது. எழும்பினா உடனே லகான விட்டுடு. கீழ வந்ததும் இறங்கிடு. கழுத்தத் தடவு, ஒரு கேரட் குடு. கொஞ்ச நேரம் சும்மா நிக்கட்டும். அன்னிக்குப் பாடம் போதும்."

அவள் நர்ஸ், ஐயா. வலிக்கிறது என்றால் நிறுத்து என்பது அவள் ரத்தத்தில் ஊறியது. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். விடும்போதுதான் படிக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேனே, இது முரணாக இருக்கிறதே என்று கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு மணிப் பேருந்தை விட்டுவிட்டு இரண்டு மணிப் பேருந்தில் போனாள்.

நீங்கள் அந்தப் பக்கங்களைப் படித்திருப்பீர்கள். பத்து இருபது: எழும்பியது. அக்கா சொன்னபடி விட்டேன். கேரட் ஒன்று. பத்து நாற்பது: எழும்பியது. கேரட் ஒன்று. மறுநாள் மூன்று தடவை. அடுத்த வாரம் ஏறி உட்கார்ந்த உடனேயே. குதிரையைக் குறை சொல்லக்கூடாது. இரண்டு காலில் நின்றால் முதுகிலிருந்து பாரம் இறங்கும், வாயில் கேரட் வரும் என்று அது தெளிவாகப் படித்திருந்தது. அவ்வளவு நன்றாகப் படித்த குதிரையை நான் பார்த்ததில்லை.

அவள் திரும்பவும் தினமும் வந்தாள்.

லாடம் அடிக்கிறவர் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்று தெரியும். அவர் சொன்னது எல்லாம் உண்மை. அந்த மாதம் என் கடைக்கு ஆணி வாங்க வந்தபோதே சொன்னார்.

"அந்த சிஸ்டரம்மா குதிரை இருக்கே, அது கெட்ட குதிரை இல்லக்கா. கெட்டுப்போயிட்டிருக்கு. மேல எழும்பினா கீழ இறங்கி விருந்து வைக்கறாங்க. எந்தக் கழுதைதான் எழும்பாது? ஒரு வாரம் என்கிட்ட விடச் சொல்லுங்க, சரி பண்ணித் தரேன். காசெல்லாம் வேணாம்."

"சொல்றேன்" என்றேன்.

சிஸ்டரிடம், "லாடக்காரருக்குக் கை கொஞ்சம் முரடு. குதிரையோட வாயில ரத்தம் பாத்திருக்கேன்" என்று சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு நான் செய்தது அநியாயம். நல்ல மனிதர். அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

இப்போது நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆனால் அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகவும் இருந்தாள். நான் அவளுக்கு மதியம் சமைத்துப்போட ஆரம்பித்திருந்தேன். பின்னறையில் இரண்டு தட்டு. அவள் ஆஸ்பத்திரிக் கதைகளை எல்லாம் சொல்வாள், டாக்டர் மாதிரியும் நோயாளி மாதிரியும் குரலை மாற்றி மாற்றி. எனக்குக் கதை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவேண்டும். இல்லாவிட்டால் மனதில் நிற்காது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

"முடியலக்கா. பயமா இருக்கு. தங்கச்சி ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருக்கா, எங்களோட வந்து இருன்னு. போயிடலாம்னு இருக்கேன்."

"குதிரை?"

"வித்துடறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஒருத்தர் பாக்க வரார். ஓட்டிக் காட்டணுமாம்."

தங்கச்சி வீடு ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரம். நான் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் குதிரை பழக்குகிறவர். விடிந்ததும் லாயத்துக்குப் போனால் இருட்டித்தான் வருவார். வந்தாலும் குதிரைகளிடம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வருவார். எனக்கு மிச்சம் வைக்கமாட்டார். கல்யாணம் ஆகி ஒன்பதாம் வருஷம், ஒரு குதிரை அவரோடு சேர்ந்து சரிந்து இடது கால் முறிந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. கடையின் பின்னறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தேன், நான் வியாபாரத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மூன்று மாதத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது போல இருந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் அவர் என்னிடம் பேசினார். கட்டில் காலில் துண்டைக் கட்டி லகான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். காது, வால், மூச்சு எல்லாம் அப்போது படித்ததுதான். நான் தலை வாரிவிடுவேன், முதுகு துடைத்துவிடுவேன். கட்டைப் பிரித்த அன்றே லாயத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கட்டிலில் உட்காரவே இல்லை. ஊன்றுகோலை நான் பரணில் போட்டு வைத்தேன்.

அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் கேட்டேன், குதிரை ஏறுகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு எது என்று.

"எழும்பற குதிரையில லகானப் புடிச்சுத் தொங்கறது. அது ரெண்டு கால்ல நிக்குது, நீ பின்னாடி இழுக்கற. எங்க போகும்? பின்னாடிதான் வரும். உன் மேலதான் வரும்" என்றார்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன், வாங்க வருகிறவர் முன்னால் எழும்பினால் விற்க முடியாது, அதற்குள் ஒரு தடவை அடக்கிக் காட்டவேண்டும் என்று. வியாழக்கிழமை காலையில் ஏறு. எழும்பினால் இந்தத் தடவை விடாதே. இரண்டு கையாலும் லகானை மார்புவரை இழுத்துப் பிடி. நன்றாகப் பின்னால் சாய். என்ன ஆனாலும் விடாதே.

அவள் நோட்டைப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் விடு விடுன்னுதானேக்கா சொன்னீங்க?"

"அது பயத்துக்கு. இது இப்ப திமிர். பயம் வேற, திமிர் வேற."

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது."

"எனக்குத் தெரியும். நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள்.

வாய் இரும்புக்கு இருபுறமும் நீளக் கை வைத்த கடிவாளம் ஒன்றைக் கொடுத்தேன். லேசாக இழுத்தாலே வாயில் பலமாகப் பிடிக்கும். கூடவே ஒரு புதுத் தலைக்கவசமும் கொடுத்தேன். இதை நீங்கள் இன்னும் எழுதிக்கொள்ளவில்லை. கடையிலேயே உயர்ந்த தலைக்கவசம். நானே அவள் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை மாட்டி, ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். "மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி அலங்காரம் பண்றீங்களே" என்றாள். அவள் தலைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். பின்னால் நீங்கள் காட்டினீர்களே, அதில் ஒரு கீறல்கூட இல்லை. நான் சரியாகத்தான் மாட்டியிருந்தேன்.

நான் நினைத்தது கால், ஐயா. ஒரு கால். அதிகம் போனால் இடுப்பு. தங்கச்சி வீட்டுக்கு ரயிலில் போக முடியாது. குதிரை லாயம் இருக்கும் இடத்தில் அவளுக்குத் தனி அறைதான், பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. என் பின்னறையில் கட்டில் இருக்கிறது. மூன்று மாதம் நான் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பழக்கமான வேலை.

வியாழக்கிழமை காலையில் கடையைத் திறந்து, இரண்டு பேருக்குச் சமைத்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தேன். பதினோரு மணிப் பேருந்து போனது. பதினொன்றரைக்கு லாயத்திலிருந்து லாடக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, குதிரை பின்னாடி கவுந்துடுச்சு."

"எந்தக் கால்?" என்று கேட்டேன்.

"எந்தக் காலா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு, "காலெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. சேணத்தோட முன்பக்கம் நெஞ்சுல இறங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற மாதிரி இல்ல" என்றார்.

நான் அப்படிக் கேட்டதை வைத்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன். அது இயல்பாக வாயில் வந்துவிட்டது.

நேற்று நீங்கள் அவள் நோட்டிலிருந்து ஒரு வரி படித்தீர்கள். குதிரை நன்றாக இருந்த காலத்தில், அவள் பத்தொன்பது நாள் வராமல் இருந்தபோது எழுதியது. 'மாப்பிள்ளை நலம். அக்காவிடம் கேட்க ஒன்றும் இல்லை. சும்மா போய் உட்கார ஆசைதான். கடை நேரத்தில் இடைஞ்சலாக இருக்கும், கேள்வி ஏதாவது வரட்டும்.' இரண்டு தடவை படித்தீர்கள். ஒரு தடவையே போதும், ஐயா, எனக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் உடனே தண்ணீர் கேட்டேன், நீங்கள் கொடுத்தீர்கள். கேள்வி இல்லாமலும் வர ஆசை என்று அவளாக முன்பே சொல்லியிருக்கலாம். பாதித் தவறு அவளுடையது என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லியிருக்கலாம்.

குதிரையை லாடக்காரர் தன்னிடம் கட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லது. கேரட்டை நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு மாதத்தில் மறந்துவிடும். அதைக் கொன்றுவிடவேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சொல்லிக் கொடுத்ததைத்தான் அது செய்தது.

இனி ஊன்றுகோல். நான் அதை அறுக்கக் கொண்டுவந்தது திங்கட்கிழமை என்று எதிர்க்கடைத் தச்சர் உங்களிடம் சொன்னாராம். விழுந்தது வியாழக்கிழமை ஆயிற்றே, மூன்று நாள் முன்பே இவளுக்கு ஊன்றுகோல் எதற்கு என்பதுதானே உங்கள் கேள்வி. தச்சர் சொன்னது சரி. திங்கட்கிழமைதான். அவள் ஒரு மணிப் பேருந்துக்குப் போன கையோடு பரணிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் நெடுநெடுவென்று இருப்பார், அவள் என் காது உயரம்தான். அப்படியே கொடுத்தால் அவளால் ஊன்றமுடியாது. அன்றைக்குக் காலையில், சேணத்தில் கால் வைக்கத் தொங்குகிற அங்கவடியின் வார் நீளம் பார்க்கவேண்டும், நிமிர்ந்து நில் என்று அவளைக் கதவோரம் நிற்கவைத்து, அக்குளிலிருந்து தரைவரை அளந்துகொண்டேன். அங்கவடிக்குக் கை நீளம் பார்த்தால் போதும். அது அவளுக்குத் தெரியாது. கூச்சத்தில் சிரித்துக்கொண்டே நின்றாள். தச்சர் ஒரு சாண் அறுத்துக் கொடுத்தார். அடியில் புது ரப்பர் போட்டேன், வழுக்கக்கூடாது என்று. மேலே, அக்குள் படுகிற இடத்தில், சேணத்துக்கு வைக்கிற ஆட்டு ரோமத் தோலை இரண்டு மடிப்பாக வைத்து, தையல் வெளியே தெரியாமல் உட்பக்கமாகத் தைத்தேன். அதற்கே இரண்டு பகல் ஆனது.

இதைச் செய்தவளைப் பார்த்துத்தான் நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஊன்றுகோலைக் கொண்டுவரச் சொல்லி, மேல்பக்கத்தை ஒரு தடவை உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள், ஐயா. மூன்று மாதம் நடந்தாலும் உரசாது.